மிஸ்டர் எஸ் நினைவு விருது

எங்கள் ஊரில் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் பெற்றோர்கள் நோயாளி தேட ஆரம்பித்துவிடுவார்கள். மாப்பிள்ளை தேடுவது மாதிரிதான். கோயிலில் பார்த்தாலும் கடையில் பார்த்தாலும், "உங்க சொந்தத்துல யாருக்காவது முடியலையா?" என்று விசாரிப்பார்கள். எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப்போகும்.

இதற்கெல்லாம் காரணம் எட்டு வருடப் படிப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே உள்ளே போனால் ஒரே மூச்சில் டாக்டராக வெளியே வரலாம். நடுவில் கல்லூரி முடித்து, மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி வரிசையில் நிற்கிற தொல்லை கிடையாது. இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைக் கழிக்கலாம் என்றால், இந்த நியூ ஜெர்சியில் மதிப்பெண் இல்லாத பிள்ளையே பிறப்பதில்லை. ஆகவே கல்லூரிக்காரர்கள் யோசித்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளை நோயாளிகளோடு பழகியிருக்க வேண்டும், துன்பத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பார்த்து மனம் மாறியிருக்க வேண்டும், மாறியதைக் கட்டுரையாக எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஊரில் டாக்டராக ஆசைப்படுகிறவர்கள் ஏகப்பட்ட பேர், நோயாளிகள் கொஞ்சம் பேர். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஊரே ஓடிக்கொண்டிருக்கும். கீரையைப் பச்சையாக அரைத்துக் குடிக்கிற ஜனங்கள். இருக்கிற ஒரே மருத்துவமனையில் படுக்க இடம் உடனே கிடைக்கும். படுத்திருப்பவரைப் பார்க்கத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என் பெயர் சொக்கலிங்கம். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. என் மகள் இனியாவுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. அவளாகப் பட்ட ஆசை அது, நாங்கள் ஊட்டியதில்லை. தெருவில் ஒரு பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கை உடைந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவனை ஒரு மாதிரி சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கே, இது வேறு எந்த வேலைக்கும் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மனைவி வளர்மதி எங்களை மெஹ்ராவிடம் அழைத்துப்போனாள். எட்டு வருடப் படிப்புக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது மெஹ்ராவின் தொழில். அவர் டாக்டர் இல்லை. டாக்டராக முடியாமல் போவது எப்படி என்று அனுபவத்தில் தெரிந்தவர். பீட்ஸா கடைக்கு மேலே அலுவலகம், சுவர் முழுக்க வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகளின் படம்.

இனியாவின் மதிப்பெண்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இருக்கும். அதை விடுங்க. உங்க பொண்ணுக்கு யாராவது செத்திருக்காங்களா?"

வளர்மதி என்னைப் பார்த்தாள். "எங்க மாமனார் தவறிட்டார் சார். போன வருஷம்."

"எங்க?"

"கும்பகோணத்துல."

"பொண்ணு பக்கத்துல இருந்தாளா?"

"ஃபோன்ல இருந்தா. ரொம்ப அழுதா சார்."

மெஹ்ரா உதட்டைப் பிதுக்கினார். "ஃபோன்ல செத்தா கணக்குல வராது மேடம். மேற்பார்வை கிடையாதே. ஒரு ஆஸ்பத்திரி வேணும், ஒரு திட்டம் வேணும், திட்டத்துக்கு ஒரு இயக்குநர் வேணும், அவங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும். லெட்டர் இல்லாம விண்ணப்பம் போட்டா பிரிச்சே பாக்கமாட்டாங்க."

என் அப்பா ஒன்றுக்கும் உதவாமல் செத்துப்போனார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் திட்டத்தின் பெயர் இளங்கருணைத் திட்டம். எங்கள் ஊர் மருத்துவமனை நடத்துவது. இயக்குநர் மிஸ் ஹெண்டர்ஷாட், வெள்ளிநிற முடியும் முத்துமாலையுமாக எந்நேரமும் தலையைச் சற்றுச் சாய்த்து, எதிரே நிற்பவருக்குப் புற்றுநோய் என்று இப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி பார்க்கிற அம்மாள். முதல் நாள் பிள்ளைகளுக்கெல்லாம் நீல அங்கி கொடுத்துவிட்டு, பெற்றோர்களையும் உட்காரவைத்துப் பேசினார்.

"கருணைங்கிறது பாக்கறதுல ஆரம்பிக்குது. பாக்கறதோட முடியணும். நோயாளியத் தொடக் கூடாது. கட்டிலத் தொடக் கூடாது. தலகாணிய நேராக்கக் கூடாது. சாப்பாடு, தண்ணி, எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டிலோட கால்மாட்டுலயும் தரையில ஒரு மஞ்சக் கோடு போட்டிருக்கோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு மனசார உருகணும்."

பின்வரிசையில் ஒரு தகப்பனார் கை தூக்கினார். "அப்போ பிள்ளைங்க அங்க என்னதான் செய்வாங்க?"

"இருப்பாங்க," என்றார் மிஸ் ஹெண்டர்ஷாட். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இதனால நோயாளிங்களுக்கு என்ன பிரயோஜனம்னு சில பேர் கேக்கறாங்க. மனசத் தொட்டுச் சொல்றேன், எங்க நிர்வாகக் கூட்டத்துல இந்தக் கேள்வி இதுவரைக்கும் வந்ததே இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொண்ணைப் பெற்றவன் தட்டாமல் என்ன செய்வது?

அக்டோபரில் விழா நடக்கும், பிள்ளைகள் கட்டுரை வாசிப்பார்கள், மிஸ் ஹெண்டர்ஷாட் தம் கையால் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் கடிதம் என்றால் அந்தக் கடிதம்தான். நான் தினமும் பிரிக்கிற ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு வீட்டில் மரியாதையே போய்விட்டது.

இனியா வாராவாரம் அங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டு வருவாள்.

"என்னம்மா பண்ண இன்னிக்கு?"

"ஒரு ஆளு தூங்கினார்ப்பா. நாங்க ஆறு பேர் பாத்தோம்."

"அப்புறம்?"

"முழிச்சு, எங்களப் பாத்துட்டுக் கத்தினார். அத எல்லாரும் எழுதிக்கிட்டோம்."

ஜூலை மாதம், வீட்டுக் கூரையோரத் தகரக் குழாயில் அடைத்திருந்த இலைகளை வாரப்போய், ஏணியோடு கீழே விழுந்தேன். தொடை எலும்பு முறிந்துவிட்டது. புல்தரையில் கிடந்து நான் அலறிக்கொண்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ்காரன் எந்த மருத்துவமனை என்று கேட்டதும், வளர்மதி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அழுகைக்கு நடுவிலும் தெளிவாகச் சொன்னாள்: "இனியா போற ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க."

வழியிலேயே மெஹ்ரா ஃபோன் செய்தார். செய்தி எப்படித்தான் போகிறதோ! "கேள்விப்பட்டேன் சார். பெரிய விஷயம். எத்தனையோ குடும்பங்க இதுக்காக ஏங்கிட்டிருக்கு. தலையில அடி கிடி இருக்கா?"

"இல்ல. தொடைதான்."

"பரவால்ல," என்றார், கொஞ்சம் சுரத்தில்லாமல்.

ஆனால் மிஸ் ஹெண்டர்ஷாட் ஒத்துக்கொள்ளவில்லை. இனியாவுக்குச் சொந்த அப்பனைப் பார்த்து உருக அனுமதி கிடையாதாம். "பெத்த அப்பாவப் பாத்து வர்ற வருத்தம் தானா வர்றது. அதுல பயிற்சின்னு எதுவும் இல்லையே," என்று விளக்கினார். ஆகவே இனியாவை அதே மாடியில், மறுகோடியில், பித்தப்பைக்காரர் ஒருவரிடம் நிறுத்தினார்கள். என்னை ஈத்தன் யூன் என்ற பையனுக்கும் ஆர்யா பட்நாயக் என்ற பெண்ணுக்கும் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தொடையில் கம்பி வைத்து முடித்து, மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது நாக்கு அப்பளமாகக் காய்ந்திருந்தது. தண்ணீர்க் கோப்பை சக்கரம் வைத்த சிறு மேசையில் இருந்தது. தரை துடைத்தவர் அந்த மேசையை நகர்த்திவிட்டுப் போயிருந்தார். என் கைக்கு எட்டவில்லை. கோப்பைக்குப் பக்கத்தில், மஞ்சள் கோட்டில் செருப்பு நுனி படாமல், இரண்டு நீல அங்கிகள் நின்றுகொண்டிருந்தன.

"தம்பி, அந்தத் தண்ணிய கொஞ்சம் இப்படித் தள்ளேன்."

ஈத்தன் தலையைச் சாய்த்தான். ஹெண்டர்ஷாட் அம்மாளிடம் கற்ற சாய்ப்பு. "ஸாரி சார், எங்களுக்கு அனுமதி இல்ல. ஆனா நான் உங்க கூடவே இருக்கேன்."

"நீ இருக்க வேணாம்ப்பா. தண்ணி இருந்தா போதும்."

அதை எழுதிக்கொண்டான்.

"சரி, அந்த மணியையாவது அழுத்து. நர்ஸ் வரட்டும்."

"மணி கட்டில்ல இருக்கே சார். கட்டிலத் தொடக் கூடாது."

ஆர்யா ஒரு அடி முன்னால் வந்தாள், கோடு வரைக்கும். "அங்கிள், தண்ணி கேக்கறப்போ உங்க மனசுல என்ன ஓடுது?"

"தண்ணி."

"அதுக்கும் கீழ? ஆழத்துல?"

"ஆழத்துலயும் தண்ணிதாம்மா."

அவள் ஈத்தனைப் பார்த்தாள். இந்த ஆளிடம் சரக்கு இல்லை என்று இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

நர்ஸ் என்று டெனீஸ் ஒருத்திதான் அந்த மாடி முழுமைக்கும். முன்பு நிறையப் பேர் இருந்தார்களாம். கட்டிலுக்குக் கட்டில் நீல அங்கிகள் நிற்க ஆரம்பித்த பிறகு, ஆள் தாராளமாக இருக்கிறது என்று நிர்வாகம் கணக்குப் போட்டு மற்றவர்களை அனுப்பிவிட்டது. டெனீஸ் வாசலைக் கடந்து ஓடும்போது, "வந்துட்டேன் கண்ணா, வந்துட்டேன்!" என்று குரல் மட்டும் கொடுப்பாள். அந்தக் குரல்தான் எனக்கு மருந்து.

"அங்கிள், உங்க வாழ்க்கையிலிருந்து எங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னா என்ன சொல்வீங்க?"

"கூரைக் குழாய சுத்தம் பண்ண ஆளக் கூப்பிடுங்க. நீங்களே ஏறாதீங்க."

"இன்னும் கொஞ்சம்... பொதுவா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திட்டினால் அதையும் எழுதிக்கொள்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் காய்ந்தது.

அப்போதுதான் இனியா வந்தாள். பித்தப்பைக்காரரைத் தூங்கவிட்டு வந்திருக்கிறாள். அங்கி போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். நேரே கோட்டைத் தாண்டினாள்.

"இனியா! கோடு!" என்றான் ஈத்தன், பதறிப்போய்.

"தெரியுது. நகரு."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். கழுத்துக்குக் கீழே கை கொடுத்துக் கோப்பையை என் வாயில் வைத்தாள். "மெதுவாப்பா. மெதுவா. எல்லாம் உனக்குத்தான், யாரும் பிடுங்கமாட்டாங்க." அந்தத் தண்ணீரின் ருசியை நான் யாருக்கும் எழுதிக் காட்ட முடியாது. காட்டவும் மாட்டேன்.

வாசலில் மிஸ் ஹெண்டர்ஷாட் நின்றுகொண்டிருந்தார்.

இனியாவை வெளியே அழைத்துப்போய், கதவுக்குப் பக்கத்திலேயே பேசினார். எனக்கு நன்றாகக் கேட்டது. "நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்லல கண்ணு. ஆனா நீ பண்ணிட்ட. அதுதான் பிரச்சினை. மத்த பிள்ளைங்க உன்னைப் பாத்து அவங்களும் ஏதாவது பண்ண ஆரம்பிச்சா இந்தத் திட்டம் என்னத்துக்கு ஆகும்? உன் லெட்டர் விஷயம் விழா அன்னிக்கு முடிவு பண்றேன். அதுவரைக்கும் கட்டுரையில உன் மனசு எவ்வளவு மாறுதுன்னு பாப்போம்."

சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஈத்தன் பேருந்தைத் தவறவிட்டவன் போல நின்றான். "அதுக்குள்ளயா சார்? உங்களுக்கு நிஜமாவே பரவால்லையா? உள்ளுக்குள்ள ஏதாவது..." என்று இழுத்தான். ஒன்றுமில்லை என்றேன். ரொம்ப வருத்தப்பட்டான் பாவம்.

செப்டம்பரில் இனியா கட்டுரை எழுதி மெஹ்ராவிடம் காட்டினாள். நானும் கைத்தடியோடு போயிருந்தேன். அப்பாவுக்குத் தாகமாக இருந்தது, தண்ணீர் கொடுத்தேன், குடித்தார் என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"குடிச்சாரா. அப்புறம்?" என்றார் மெஹ்ரா.

"அப்புறம் வீட்டுக்கு வந்துட்டார்."

மெஹ்ரா என்னைக் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இதுல கதை எங்கம்மா? ஆளு உயிரோட இருந்தா உனக்கு எப்படி மனசு மாறும்? இங்க பாரு. அந்தரங்கச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. நோயாளியோட பேர வெளிய சொல்லக் கூடாது. அதனால பேர மாத்தறோம். அடையாளம் தெரியக் கூடாது, அதனால வயச மாத்தறோம், வேலைய மாத்தறோம். முடிவ மட்டும் அப்படியே விட்டா கண்டுபிடிச்சுடமாட்டாங்களா? முடிவையும் மாத்தணும். அதுதான் நோயாளிக்கு நாம காட்டற மரியாதை."

"எங்க அப்பாவ சாகடிக்கச் சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லலம்மா. எல்லாரும் என்ன பண்றாங்கன்னு சொல்றேன்."

காரில் வரும்போது வளர்மதி மெல்ல ஆரம்பித்தாள். "எழுதிட்டுத்தான் போயேண்டி. அப்பா என்ன நெஜமாவா போகப்போறார்? என்னங்க, நீங்க ஒண்ணும் நினைச்சுக்கமாட்டீங்கல்ல?"

"நினைச்சுக்க நான் இருந்தாத்தானே," என்றேன்.

இனியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டுரையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, மருத்துவமனை அரங்கில் விழா. ஒரு பக்கம் நீண்ட மேசையில் காபியும் பேகலும். அந்த ரொட்டியை மென்றால் அது நம்மை மெல்லுகிற மாதிரி இருக்கும். மூன்றாவது வரிசையில் நானும் வளர்மதியும் உட்கார்ந்தோம்.

முதலில் ஈத்தன் வாசித்தான். மிஸ்டர் எஸ் என்ற முதியவர். ஏணியிலிருந்து விழுந்தவர். தண்ணீர் கேட்டார். 'ஆனால் அவர் கேட்டது தண்ணீரை அல்ல என்று எனக்குப் புரிந்தது. அவர் கேட்டது, தன்னை யாராவது பார்க்க வேண்டும் என்று. நான் பார்த்தேன்.' விடியற்காலையில் மிஸ்டர் எஸ் இறந்துபோனார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வளர்மதியின் கையைப் பிடித்தேன். அவள் ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன இருந்தாலும் கேக்கும்போது ஒரு மாதிரி இருக்குங்க," என்றாள்.

ஆர்யாவின் கட்டுரையில் நான் மாலையில் செத்தேன், அவள் கையைப் பற்றிக்கொண்டு. 'ஆழத்திலும் தண்ணீர்தான் அம்மா' என்பது என் கடைசி வார்த்தை. அரங்கமே விசும்பியது. அடுத்து வந்த ஒரு பையனை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவன் கட்டுரையில் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும்போது செத்தேன். விழுந்தது ஜூலை மாதம், அடப்பாவி! அதற்கப்புறம் வந்தவர்களும் சளைக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நான் கொரியப் போரில் சண்டை போட்டவன். அந்தப் போரின்போது என் அப்பாவே அரை டிராயரோடுதான் திரிந்துகொண்டிருந்தார்.

எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சியபடி, "எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்றாள்.

மிஸ் ஹெண்டர்ஷாட் மேடைக்கு வந்தார். "நம்ம ஆஸ்பத்திரி இதுவரைக்கும் எத்தனையோ பேரப் பறிகொடுத்திருக்கு. ஆனா மிஸ்டர் எஸ் மாதிரி பிள்ளைங்களுக்கு இவ்வளவு பயன்பட்டவர் யாருமே இல்ல. இந்த வருஷத்துலேருந்து மிஸ்டர் எஸ் நினைவு விருதுன்னு ஒண்ணு குடுக்கப்போறோம். எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

எல்லாரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்து அம்மாள் குனிந்து, "செத்தவருக்கு இந்த மரியாதைகூட செய்யக் கூடாதா?" என்று கடிந்துகொண்டாள். கைத்தடியை ஊன்றி எழுந்து, தலைகுனிந்து நின்றேன்.

மௌனம் முடிந்ததும் மேடையோரம் போனேன்.

"மேடம், நான்தான் மிஸ்டர் எஸ். சாகல."

மிஸ் ஹெண்டர்ஷாட் தலையைச் சாய்த்தார். "நீங்க இங்க நோயாளியா இருந்தீங்களா இல்லையாங்கறத நான் உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்தரங்கச் சட்டம்."

"என் தொடையில வச்ச கம்பி உங்க ஆஸ்பத்திரிக் கம்பி!"

"அதையும் உறுதிப்படுத்த முடியாது." குரலைத் தாழ்த்தினார். "ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், நீங்க உயிரோட இருக்கீங்கன்னு. அப்போ இத்தனை பிள்ளைங்க எழுதினதும் என்ன ஆகும்? ஒரு லெட்டர்கூட குடுக்க முடியாம போயிடும். யாருக்குமே. உங்க பொண்ணுக்கும்தான். அவ விஷயத்த நான் நல்லபடியாவே யோசிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். பொண்ணுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு மலிவாகக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. மனசை ஆற்றிக்கொள்ள ஒரு பேகலை எடுத்துவந்து கடித்தேன்.

கடைசியாக இனியா வந்தாள். காகிதத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"நீங்க எல்லாரும் சொன்ன மிஸ்டர் எஸ் எங்க அப்பா. அவருக்குத் தாகம் எடுத்துச்சு. தண்ணி கையெட்டற தூரத்துல இருந்தும் யாரும் குடுக்கல. நான் குடுத்தேன். அவர் சாகல. மூணாவது வரிசையில உக்காந்து பேகல் சாப்பிட்டுட்டிருக்கார்."

எங்கிருந்தோ ஒரு தேம்பல். "ஐயோ, இந்தப் பொண்ணோட அப்பாவா!" என்று யாரோ சொன்னார்கள். மிஸ் ஹெண்டர்ஷாட் ஓடிவந்து இனியாவை அணைத்துக்கொண்டார்.

"துக்கத்தோட முதல் கட்டம் இதுதான்," என்று மைக்கில் சொன்னார், குரல் தழுதழுக்க. "போனவங்க இன்னும் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே தெரியும்."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்து அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றாள். "அப்பா," என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "ரெண்டாவது அப்பாவா? நல்லாப் பாத்துக்குங்க," என்றாள்.

மேடையில் மிஸ் ஹெண்டர்ஷாட் ஒரு உறையை நீட்டினார். "பெத்த அப்பாவ இழந்த மறுநாளே அங்கியப் போட்டுக்கிட்டு சேவைக்கு வந்த இந்தப் பொண்ணுக்கு, இந்த வருஷத்தோட முதல் லெட்டர். முதல் மிஸ்டர் எஸ் நினைவு விருதும் இவளுக்குத்தான்!"

உறை இனியாவின் கைக்கு வந்துவிட்டது. கடிதம் என்றால் அந்தக் கடிதம். நான் எக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேனோ, சிரித்தேனோ, வாயிலிருந்த பேகல் சரியாகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மூச்சு வரவில்லை. கைத்தடி விழுந்தது. நாற்காலியோடு சரிந்தேன். வளர்மதி வீறிட்டாள். சட்டென்று என்னைச் சுற்றி நீல அங்கிகள் சேர்ந்துவிட்டன. அரைவட்டமாக, கோடே இல்லாத தரையில் கோடு போட்ட மாதிரி ஒழுங்காகத் தள்ளி நின்றார்கள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஈத்தன் குனிந்தான்.

"சார், இப்ப உங்களுக்கு என்ன தோணுது?"

அந்த வட்டத்தைப் பிளந்துகொண்டு இனியா வந்தாள். ஈத்தன் ஒரு பக்கம் போய் விழுந்தான். என்னை முன்னால் சாய்த்து, முதுகில் அறைந்தாள் பாருங்கள், இரண்டாவது மூன்றாவது அறையிலேயே பேகல் வெளியே வந்து யாருடைய காலணியிலோ போய் விழுந்தது. மூச்சு வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர். இனியா கையில் இருந்ததை வைத்தே என் வாயைத் துடைத்தாள். அந்தக் கடிதம்தான் கையில் இருந்தது. உறையோடு சேர்த்து நன்றாகத் துடைத்து, கசக்கி, நாற்காலிக்கடியில் போட்டாள்.

"இனியா! அங்கி!" என்று மிஸ் ஹெண்டர்ஷாட் மைக்கில் அலறினார். "அங்கி போட்டுக்கிட்டு யாரையும் தொடக் கூடாது!"

இனியா அங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அழுதுகொண்டும் இருந்தாள்.

"இவர் எங்க அப்பா. உயிரோட இருக்கார். எழுதிக்கோங்க."

இரண்டு மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள்.

கடிதம் இல்லாத அவள் விண்ணப்பத்தை எட்டு வருடக் கல்லூரிகள் எதுவும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது அரசுக் கல்லூரியில் சாதாரணப் படிப்பு படிக்கிறாள். நடுவில் பரீட்சை இருக்கிறது, மறுபடி வரிசை இருக்கிறது. கூடுதலாகச் சில வருஷம் ஆகும். வார இறுதிகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஊட்டிவிடுவது, திருப்பிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது. அங்கே தரையில் கோடு எதுவும் கிடையாது. மெஹ்ரா ஒருநாள் கடையில் என்னைப் பார்த்து, "எவ்வளவு நல்ல வாய்ப்பு சார், நீங்களே கெடுத்துட்டீங்களே," என்று உண்மையாகவே வருந்தினார்.

ஈத்தனுக்கு இடம் கிடைத்துவிட்டது. விழாவில் நடந்ததையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டானாம், அதில் நான் இரண்டாவது தடவையும் பிழைக்கவில்லை என்று கேள்வி. எட்டு வருஷத்தில் அவன் டாக்டராகி எங்கள் ஊருக்கே வந்துவிடுவான். எனக்கு வரவேண்டிய வியாதியெல்லாம் அதற்குள் வந்து போய்விட வேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.